ஒரு நாளைக்கு ஒரு திடல்

தோழர்களே, நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் பந்தயக் குதிரை ஓடுவதை நாம் அறிவோம். மேலே இருக்கும் ஜொக்கியும் தொழிலாளிதான்.

பிரித்தானியாவில் அவருக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு என்றே கூலி. ஏறாவிட்டால் காசில்லை. அதனால் பகலில் ஒரு திடல், மாலையில் தூரத்தில் இன்னொரு திடல் என்று அலைந்தார்கள். களைப்பென்று ஒருவர் மறுத்தால், அந்தக் குதிரையில் வேறொருவர் ஏறுவார்.

2020இல் கொவிட் காரணமாக, ஒரு நாளைக்கு ஒரு திடல் மட்டுமே என்று விதி வந்தது. தொற்றுத் தணிந்தபோது, அந்த விதி நீடிக்கட்டும் என்று ஜொக்கிகளில் பெரும்பாலோர் தங்கள் சங்கத்தினூடாகச் சொன்னார்கள். 2022 முதல் அது நிரந்தரமானது.

கிலோ குறைந்தால் அரைப்பேர் வாங்கும் நமக்கு இது விளங்கும். தனியாள் கேட்டால் ஓய்வு சோம்பேறித்தனம். எல்லோரும் கேட்டால் அது விதி.