கழுதை ஏறும் மலைக்கு ஆம்புலன்ஸ் எப்போது ஏறும்?



2025 ஆகஸ்ட் 31, நள்ளிரவு நெருங்கும் வேளை. ஆப்கானிஸ்தானின் குனார் மலைநாட்டில் பூமி குலுங்கியது. அளவு 6.0. 2,200 பேருக்கு மேல் மாண்டார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. மலைப்பாதைகளை மண்சரிவு மூடியது. ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத ஊர்களில் வீரர்களை வானிலிருந்து இறக்கினார்கள். அதற்குள் எத்தனையோ பேரின் மூச்சு அடங்கியிருந்தது.

"ஆப்கானிஸ்தான் கதை நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். சொல்கிறேன் ஐயா. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் நம் கோயம்புத்தூர் வட்டாரத்தை ஒரு நிலநடுக்கம் உலுக்கியதே, அதன் அளவும் ஏறக்குறைய 6தான்! 2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்திலும் நம் தருமபுரி மாவட்டத்திலும் வீட்டைவிட்டு வீதிக்கு ஓடிவந்தோம். அந்த அதிர்வு வெறும் 3.3. தேசிய நிலநடுக்க வரைபடம் 2002லேயே தருமபுரியை மூன்றாம் மண்டலத்தில் வைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் லாத்தூரையோ, அதற்கு முந்தைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம் என்று குறித்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கல்சுவருக்குள் புதைந்தார்கள்.

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று உலகில் எவராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வந்தால் அழித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று தெரியும். பூமி ஆடிய பிறகு மலைக்கு ரோடு போட முடியாது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் ரோடு இல்லாததால் தேர்தல்தோறும் ஓட்டு மெஷின் கழுதை முதுகில் ஏறியது. பத்திரிகைகள் அதிசயம்போலப் படம் போட்டன. எனக்கு அது அவமானமாகத்தான் தெரிந்தது. ஓட்டு வாங்க மலையேறத் தெரிந்தவர்களுக்கு, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணையும் பாம்பு தீண்டிய பிள்ளையையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் கண்ணில் படவில்லையா? நிலம் அசையாத நாளிலேயே இந்தக் கதி!

காப்புக்காடு, அனுமதி கிடைக்காது என்பார்கள். காட்டைக் காக்க வேண்டியதுதான். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை போட வழி இருக்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். சாவி நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது வீடு. கொத்தனார் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் லிண்டல் போட்டுவிட்டுப் போகிறார். அதே மட்டத்தில் நாலு சுவரையும் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓடினால், கூடைக்கு வாய்க்கட்டுப் போல அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். கொஞ்சம் கம்பி, கொஞ்சம் சிமெண்ட். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பது சிக்கனமில்லை, மடத்தனம்.

ஆகவே மலையூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும், அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டிலும் சுற்று பெல்ட் வேண்டும் என்று தீர்மானம் எழுதவைத்து, அதன் நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.