தலைவரின் வாழ்க்கைத் துணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டம் 1787-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. குடியரசுத் தலைவராக வருபவர்க்கு 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்கிறது அச்சட்டம். அவர் எடுக்க வேண்டிய உறுதிமொழியைச் சொல்லுக்குச் சொல் தருகிறது. அவருக்கு ஊதியம் உண்டு என்கிறது. பெருங்குற்றம் புரிந்தால் அவரைப் பதவியினின்றும் நீக்கும் வழியையும் காட்டுகிறது. ஆனால் அவருடைய மனைவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த அம்மையார்க்குப் பதவி இல்லை, ஊதியம் இல்லை, மக்கள் அவருக்கு வாக்களிக்கவும் இல்லை. எனினும் நாட்டினர் கண்கள் தலைவர்மேல் பதிவது போலவே அவர்மேலும் பதிகின்றன. 'முதற் பெருமாட்டி' என்று ஒரு பெயரையும் வழக்கம் அவருக்குச் சூட்டிவிட்டது.

பதவியற்ற இந்த இடத்தில் இருந்துகொண்டு ஒருவர் நாட்டுக்கு என்ன செய்யலாம், என்ன செய்தலாகாது என்பது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் வினா அன்று. வாக்குப் பெறாத ஒருவர் கையில் செல்வாக்குச் சேரலாமா என்பதே அதனுள் இருக்கும் வினா. குடியாட்சியில் வாழப் போகும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நல்லது.

நம் முன்னோரும் இதனை எண்ணாமல் இல்லை. திருவள்ளுவர் அறத்துப்பாலில் 'வாழ்க்கைத் துணைநலம்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் அமைச்சுக்கும் தூதுக்கும் ஒற்றுக்கும் அதிகாரங்கள் தந்தார். அரசனுடைய துணைவிக்கு அங்கே அதிகாரம் தரவில்லை. 'பெண்வழிச் சேறல்' என்று ஒன்றை அமைத்து எச்சரிக்கையே செய்தார். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போது மாணவியர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் சுளிப்பதில் தவறில்லை. ஆயினும் ஆள்பவரின் வீட்டிற்குள் இருப்பவர் நாட்டையே ஆளத் தொடங்கிவிடுவாரோ என்ற அச்சம் எல்லா நாட்டிற்கும் பொது. அதனை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் அம்மையாரின் வாழ்வைப் பார்ப்போம். அவர் எலினார் ரூஸ்வெல்ட்.

எலினார் 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். பத்து வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். பாட்டியின் வீட்டில் கூச்சம் மிக்க குழந்தையாக வளர்ந்தார். பதினைந்தாம் வயதில் இலண்டனுக்கு அருகில் ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே மாரி சூவெஸ்த்ர் என்ற பிரெஞ்சு நாட்டு அம்மையார் தலைமையாசிரியை. தாமாக எண்ணிப் பேசும் மாணவியரையே அவர் விரும்பினார். அந்த மூன்று ஆண்டுகளே தம்மை உருவாக்கியவை என்று எலினார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1905-இல் தூரத்து உறவினரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், எலினாரின் பெரிய தந்தையார். மணமகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் அவரே. ஆறு குழந்தைகள் பிறந்தன. ஒன்று சிசுவிலேயே இறந்தது.

1921-இல் பிராங்க்ளினுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. வயது 39. கால்கள் செயலிழந்தன. மகன் அரசியலை விட்டுவிட்டுப் பண்ணை வீட்டில் அமைதியாக வாழட்டும் என்றார் அவருடைய தாயார். மனைவி அதற்கு இணங்கவில்லை. கணவரின் பெயர் மக்கள் நினைவிலிருந்து மறைந்துவிடாதபடி, கட்சிக் கூட்டங்களுக்குத் தாமே செல்லத் தொடங்கினார். மேடையில் ஏறினால் கை நடுங்கும். குரல் கீச்சென்று உயரும். இடம் தெரியாமல் சிரிப்பு வரும். குடும்ப நண்பரும் அரசியல் ஆலோசகருமான லூயி ஹௌ பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு பிழையையும் பிறகு எடுத்துச் சொல்வார். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தூங்காமல் கிடக்கும் மாணவர்கள் இதனை அறிந்துகொள்ளட்டும்.

1928-இல் பிராங்க்ளின் நியூயார்க் மாநிலக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். மாநிலத்தின் மருத்துவமனைகளையும் சிறைச்சாலைகளையும் மனநோயாளர் இல்லங்களையும் கவர்னர் பார்வையிட வேண்டும். இரும்புப் பட்டைகள் பூட்டிய கால்களோடு அவர் படியேறி அறை அறையாகச் செல்ல இயலாது. அவர் காரில் அமர்ந்து வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பார். எலினார் உள்ளே செல்வார். முதன்முறை திரும்பி வந்து, இன்ன உணவு கொடுக்கிறார்கள் என்று சொன்னார். எப்படித் தெரியும் என்று கணவர் கேட்டார். உணவுப் பட்டியலைப் படித்தேன் என்றார் மனைவி. அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தாயா என்பது அடுத்த கேள்வி. கட்டில்கள் எத்தனை நெருக்கமாக இருக்கின்றன, கதவுக்குப் பின்னால் மடக்கிச் சாத்தி வைத்த கட்டில்கள் உண்டா, நோயாளிகள் பணியாளரைக் கண்டதும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேள்விகள் தொடர்ந்தன. சில மாதங்களில் அந்த அம்மையார் தேர்ந்த ஆய்வாளராகிவிட்டார்.

தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் நான் பலவகை ஆய்வாளர்களைக் கண்டிருக்கிறேன். பதிவேடுகளை வரிசையாக வாங்கிக் கையெழுத்திட்டு, காப்பி அருந்திவிட்டுச் செல்வோர் ஒரு வகை. நேரே சத்துணவுக் கூடத்துக்குச் சென்று, கரண்டியை எடுத்துச் சாம்பாரைக் கிளறிப் பார்ப்போர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் வரும் நாளில் எங்களுக்கு அச்சம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு நல்ல உணவு கிடைத்தது அவர்களால்தான்.

இன்னொரு செய்தி. எலினார் 1927 முதல் நியூயார்க்கில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறும் இலக்கியமும் கற்பித்தார். கணவர் கவர்னரான பின்னும் அதை விடவில்லை. தலைநகரான ஆல்பனியிலிருந்து வாரந்தோறும் இரயிலேறி வந்து பாடம் நடத்தித் திரும்பினார். ஆசிரியத் தொழிலில் இருந்தவனாதலால் இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

1933 மார்ச்சு மாதத்தில் பிராங்க்ளின் குடியரசுத் தலைவரானார். பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. எலினார் வெள்ளை மாளிகையில் பத்திரிகை நிருபர்களைச் சந்திக்கத் தொடங்கினார். ஆனால் பெண் நிருபர்கள் மட்டுமே வரலாம் என்றார். இது வெறும் பிடிவாதம் போலத் தோன்றும். அதன் பயனைப் பாருங்கள். அச்செய்தி வேண்டுமென்றால் பத்திரிகைகள் ஒரு பெண் நிருபரையேனும் வேலையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஆட்குறைப்புக் காலத்தில் பல பெண்களின் வேலையை அந்த ஒரு விதி காத்தது. 1935-ஆம் ஆண்டின் இறுதியில் 'என் நாள்' என்ற பத்தியை எழுதத் தொடங்கினார். பெரும்பாலான ஆண்டுகளில் வாரத்தில் ஆறு நாட்கள், 1962 வரை எழுதினார். கணவர் இறந்தபோது மட்டும் நான்கு நாட்கள் அது நின்றது.

முதல் உலகப் போரில் போரிட்ட வீரர்கள், தங்களுக்கு உரிய ஊக்கத்தொகையை உடனே தரக் கோரி 1932-இல் வாஷிங்டனில் கூடாரமிட்டிருந்தனர். அன்றைய தலைவர் ஹூவரின் அரசு படையை அனுப்பி அவர்களை விரட்டியது, கூடாரங்கள் எரிந்தன. 1933 மே மாதம் வீரர்கள் மீண்டும் வந்தனர். இம்முறை எலினார் சென்றார். காவலர் இல்லை. சேற்றில் நடந்து, அவர்களோடு நின்று, போர்க்காலப் பாடல்களைச் சேர்ந்து பாடினார். ஹூவர் படையை அனுப்பினார், ரூஸ்வெல்ட் மனைவியை அனுப்பினார் என்று ஒரு வீரர் சொன்னதாக வழக்கு உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் முழுச் செய்தியையும் சொல்ல வேண்டும். கேட்ட தொகை அப்போது கிடைக்கவில்லை. காடு வளர்க்கும் அரசுப் பணிகளில் வேலையே கிடைத்தது. தொகைக்கான சட்டத்தை 1936-இல் காங்கிரசு சபை நிறைவேற்றியது. அதுவும் ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையை மீறி. ஆக, அம்மையார் சென்றதால் பணம் வரவில்லை, துப்பாக்கி வரவில்லை. அதை நான் சிறிய பயனாகக் கருதவில்லை.

1939-இல் நடந்தது பலரும் அறிந்ததே. மாரியன் ஆண்டர்சன் என்ற சிறந்த பாடகிக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதனால், வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கம் மறுக்கப்பட்டது. அரங்கத்திற்கு உரிமை பூண்ட மகளிர் சங்கத்தில் எலினாரும் உறுப்பினர். உடனே விலகினார், விலகியதைத் தம் பத்தியிலும் எழுதினார். ஏப்ரல் 9-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு அன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அப்பாடகி பாடினார். கேட்டவர் 75,000 பேர். அந்தக் கூட்டத்தில் எலினார் இல்லை. பாடகியின் மேல் இருக்க வேண்டிய கண்கள் தம்மேல் திரும்ப வேண்டா என்று அவர் கருதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவரால் இயலாதவையும் உண்டு. கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று கணவரிடம் பலமுறை மன்றாடினார். தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவை இழந்தால் மற்றச் சட்டங்கள் நின்றுவிடும் என்று பிராங்க்ளின் பின்வாங்கினார். அத்தகைய சட்டம் 2022-இல்தான் வந்தது. 1942 பிப்ரவரியில், ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைக்க வழிசெய்த ஆணையில் பிராங்க்ளின் கையெழுத்திட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எலினாருக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. மறு ஆண்டு ஒரு முகாமுக்குச் சென்று பார்த்து வந்து, அவர்களை விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். தலைவரின் மனைவியாக இருப்பதற்குச் செலுத்த வேண்டிய விலை அந்த மௌனம். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை, புரிந்துகொள்கிறேன்.

அவர் வெள்ளை மாளிகையில் இருந்தபோது ஒரே ஒருமுறை அரசுப் பொறுப்பை ஏற்றார். 1941 செப்டம்பரில் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் துணை இயக்குநரானார். தம் தோழியாகிய ஒரு நடனக் கலைஞரைப் பணியில் அமர்த்தினார் என்று காங்கிரசில் பெரும் கண்டனம் எழுந்தது. ஐந்து மாதங்களில் விலகினார். கண்டித்தவர்களில் பலர் தீய நோக்கம் உடையவர்களே. ஆயினும் அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அலுவலர் தவறு செய்தால் மேலதிகாரி கண்டிக்கலாம். தலைவரின் மனைவியை எந்த மேலதிகாரி கண்டிப்பார்? பார்த்து வந்து சொல்வது ஒன்று. நாற்காலியில் அமர்ந்து ஆணையிடுவது மற்றொன்று.

இந்த வேறுபாடு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. பள்ளிச் சுற்றுச்சுவர் தொடர்பாக ஒருமுறை ஓர் ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டா. தலைவரின் நாற்காலியில் ஓர் ஆடவர் அமர்ந்திருந்தார். "தலைவர் இல்லையா?" என்று கேட்டேன். "சொல்லுங்க சார், நான்தான் பார்த்துக்கிறேன்" என்றார். வாக்குப் பெற்று வென்ற அம்மையார் கதவோரம் நின்றிருந்தார். கோப்பு வந்தது, அவர் குனிந்து கையெழுத்திட்டார், படிக்கவில்லை. அந்த ஆடவர் கெட்டவர் அல்லர். சுவரும் கட்டப்பட்டது. ஆனால் மக்கள் யாருக்கு வாக்களித்தார்களோ அவர் அன்று பேசிய சொற்கள் இரண்டோ மூன்றோதான். பெண்வழிச் சேறலைப் பற்றி அஞ்சிய நாம், கணவர்வழிச் சேறலுக்கு ஓர் அதிகாரம் எழுதாமல் விட்டுவிட்டோம்.

1945 ஏப்ரல் 12-ஆம் நாள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலமானார். துணைத் தலைவர் ட்ரூமன் வெள்ளை மாளிகைக்கு விரைந்து வந்தார். செய்தியைச் சொன்னவர் எலினாரே. தாம் ஏதேனும் உதவலாமா என்று ட்ரூமன் கேட்க, இனித் துன்பம் தங்களுக்கே, நாங்கள் தங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்று எலினார் கேட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் செல்லும் தூதுக்குழுவில் ட்ரூமன் அவரை நியமித்தார். செனட் சபை அதற்கு ஒப்புதல் தந்தது. இப்போது அவர் எவருடைய மனைவியாகவும் அங்கே அமரவில்லை.

மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்து உலகப் பொதுப் பிரகடனத்தை உருவாக்கும் பணியை நடத்தினார். 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிசில் அது நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, எட்டு நாடுகள் வாக்களியாமல் ஒதுங்கின.

அந்த ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் ஹன்சா மேத்தா. முதல் விதியின் வரைவில் ஆண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மாந்தர் அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்டிருந்தது. அது கூடாது, பெண்களை விலக்க விரும்பும் நாடுகள் அச்சொல்லையே பற்றிக்கொள்ளும் என்றார் ஹன்சா. எலினாருக்கு முதலில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அமெரிக்கப் பெண்கள் அச்சொல்லில் தம்மையும் அடக்கியே கொள்கிறார்கள் என்றார். முடிவில் ஹன்சாவின் கருத்தே நின்றது. இருபாலாரையும் குறிக்கும் சொல் இடம் பெற்றது. ஆண் பெண் இருபாலாரையும் 'மக்கள்' என்னும் ஒரே சொல்லால் அழைக்கும் நம் மொழிக்கு இச்சிக்கல் இல்லை.

ஹன்சா மேத்தா நம் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர்; 1949 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவருடைய கணவர் டாக்டர் ஜீவராஜ் மேத்தா 1960-இல் குஜராத் மாநிலம் பிறந்தபோது அதன் முதல் முதலமைச்சரானார். ஹன்சா முதலமைச்சரின் மனைவி ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பிரகடனத்தின் முதல் வரி அவரால் திருத்தப்பட்டிருந்தது.