அளவோடு கொடுக்கும் மருந்து

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த மருத்துவ ஊழியத்தைத் தாங்கி வருகிற உங்களிடம், இன்று ஒரு மருந்தைக் குறித்துப் பேச விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்ல. ஆனால் வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் போதகரிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு வைத்தியர்களிடம் விசாரித்து அறிந்த பதில்களையே இங்கே சொல்லுகிறேன்.

நம்முடைய விருதுநகர் மாவட்டத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வைத்தியசாலையில் கொடுப்பதும் மருந்து. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் குழாய்க்குள் செலுத்துவதும் மருந்துதான். அந்த மருந்து வெடித்தால் என்ன நேரிடும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் கண்டோம். முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். ஆகவே, அளவும் ஜாக்கிரதையும் என்னவென்று நம் ஜனங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீக்காயப்பட்டவருக்குக் கட்டுப் பிரித்து மருந்து வைக்கும் வேளையில் உண்டாகும் வேதனை மிகக் கொடியது. அந்த வேதனையைத் தணிக்க மார்பின் முதலான அபின் வகை மருந்துகள் தேவைப்படுகின்றன. வைத்தியர் மேற்பார்வையில், அளவறிந்து, தேவையான நாட்களுக்கு அவற்றைக் கொடுப்பதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். வலிக்கு மருந்து வாங்கியவரெல்லாம் போதைக்கு அடிமையாகிவிடுவதில்லை.

ஆனால் அதே வகை மருந்து வைத்தியரின் சீட்டில்லாமல் கைமாறும்போது கேடு விளைகிறது. 1990-களில் சென்னையில் ஹெராயினுக்குப் பதிலாகப் புப்ரெநார்ஃபின் என்ற வலிநிவாரணியை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் அநேகர். டிரமடால் மாத்திரையை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அண்மை ஆண்டுகளில் டேபென்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களைக் குறித்துத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் அபின் வகைப் போதையினால் சீரழிந்து உதவி தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள் சுமார் 77 லட்சம் பேர்.

இவர்களுக்கு வைத்தியம் உண்டு. மெத்தடோன், புப்ரெநார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் ஊசியாக ஏற்றப்பட்டு வாலிபர்களைக் கெடுத்த அதே புப்ரெநார்ஃபின்தான், இன்று நம் நாட்டு அரசு மையங்களில் நர்ஸின் கண்முன்னே நாக்குக்கு அடியில் வைக்கப்பட்டு அவர்களைக் காப்பாற்றுகிறது. மருந்து மாறவில்லை; கொடுக்கும் வழியும் அளவும் மாறின.

இங்கேதான் அந்தக் கேள்வி எழும்புகிறது. "ஐயா, ஒரு பேயைத் துரத்த இன்னொரு பேயை வீட்டுக்குள் விடலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். பதில் இதுதான்: போதைப்பொருள் மூளையில் எந்த இடத்தில் பற்றுமோ, அதே இடத்தில் புப்ரெநார்ஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அரைகுறையாகவே வேலை செய்கிறது. ஓர் அளவுக்குமேல் கொடுத்தாலும் அதன் வேகம் ஏறுவதில்லை. ஆகவே ஏக்கமும் உடல் நடுக்கமும் அடங்குகின்றன. மனிதன் தெளிவோடு வேலைக்குப் போகிறான், வீட்டில் சோறு உண்கிறான். உடல் ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு. போதைக்காகத் தாலியையும் அடகு வைப்பது வேறு.

இனி பக்கவிளைவுகளைச் சொல்லுகிறேன். மலச்சிக்கல், குமட்டல், தலைவலி, அதிக வியர்வை, தூக்கக் கலக்கம் ஆகியவை ஆரம்ப நாட்களில் சாதாரணம். பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கலாம். தண்ணீரும் கீரையும் பழமும் உதவும். மெத்தடோன் சிலருக்கு இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் வைத்தியர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுவார். அது உடம்பில் மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும் மருந்து. முதல் இரண்டு வாரங்கள் மிகுந்த கவனம் வேண்டும். புப்ரெநார்ஃபினை வாயில் கரைப்பவர்களுக்குப் பற்சிதைவு ஏற்படலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. மாத்திரை முற்றிலும் கரைந்தபின் வாயில் தண்ணீர் விட்டு மெல்லக் கொப்பளித்து விழுங்க வேண்டும். ஒரு மணி நேரம் சென்றபின்பே பல் துலக்க வேண்டும்.

பாதுகாப்பாக உபயோகிக்கும் முறையும் உண்டு. முதல் மாத்திரையை உடம்பில் போதை இருக்கும்போது வைக்கக்கூடாது. போதை இறங்கி, நடுக்கமும் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கியபின் வைத்தியர் பார்த்துக் கொடுப்பார். அவசரப்பட்டால் அந்த வேதனை பல மடங்காகத் திடீரென்று வந்துவிடும். மாத்திரையை விழுங்கினால் பிரயோஜனம் மிகக் குறைவு. நாக்குக்கு அடியிலேயே கரைய வேண்டும். சாராயமோ, தூக்க மாத்திரையோ இதனுடன் சேரக்கூடாது. தனித்தனியே தாங்குகிற உடம்பு, இரண்டும் சேர்ந்தால் மூச்சு விடுவதை மறந்துவிடும். இன்னொருவருக்குப் பங்கு கொடுக்கக்கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பூட்டி வைக்க வேண்டும். பெரியவருக்கு ஜீவனாகிற மாத்திரை, தவழுகிற குழந்தைக்கு மரணமாகும். யாராவது எழுப்பினாலும் விழிக்காமல், உதடு நீலம் பூத்து, மூச்சு மந்தமாகிக் கிடந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். நாலக்சோன் என்ற மாற்று ஊசி உயிரைத் திருப்பிக் கொண்டுவரக்கூடும். கர்ப்பிணியாயிருந்தால் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

நம் பகுதிக்கென்று இரண்டு காரியங்கள் விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஒன்று, தூக்கக் கலக்கம் தெளியும்வரை மருந்துக் கலவை அறையிலோ, மருந்து செலுத்தும் இடத்திலோ வேலை செய்யக்கூடாது. மோட்டார் சைக்கிளும் ஓட்டக்கூடாது. ஒருவருடைய கண் சொக்கினால், பக்கத்தில் இருக்கும் தாய்மார்களின் உயிரும் போகும். இரண்டு, இந்த மருந்து சாப்பிடுகிறவர் அதன் பெயரும் அளவும் எழுதிய சீட்டைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அவர் தீக்காயத்தோடு மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டால், புப்ரெநார்ஃபின் எடுப்பவருக்கு வழக்கமான அளவு மார்பின் போதாமற்போகலாம். போதை முற்றிலும் விட்டபின் மறுபடி விழாதிருக்கக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரையை எடுப்பவருக்கோ மார்பின் பலிக்காமலே போகலாம். வைத்தியருக்குத் தெரிந்தால் வேறு வழி செய்வார். தெரியாவிட்டால், நோயாளி வெந்த உடம்போடு வலி தணியாமல் கிடப்பார். வெட்கத்தினால் மறைத்த ஒரு மாத்திரைக்கு அவ்வளவு விலை கொடுக்க நேரிடும்.

அன்பானவர்களே, எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பக்கவிளைவு அல்ல. மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. மெத்தடோன் வைத்தியத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 1000 பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள். வைத்தியத்தை விட்டு வெளியே இருந்தபோது சுமார் 36 பேர். நிறுத்திய முதல் 4 வாரங்களே மிக ஆபத்தானவை. காரணம் எளிது. உடம்பு தன் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. மனமோ பழைய அளவையே நினைக்கிறது. ஒருமுறை தவறி அந்தப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது.

அப்படி நிறுத்தச் சொல்லுகிறவர்கள் யார்? பல வேளைகளில் வீட்டாரும், சில வேளைகளில் நம்மைப்போன்ற விசுவாசிகளுமே. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறோம். லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும், பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுப் பலவீனத்துக்குக் கொஞ்சம் திராட்சரசத்தையே மருந்தாகச் சொன்னார் என்பதையும் மறந்துவிடுகிறோம். குடிக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் என்று அளவு சொன்னார். ஒருநாள் மருந்தைக் குறைக்கவும் நிறுத்தவும் கூடும். ஆனால் அந்த நாளை நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து குறிக்கட்டும். சபையார் குறிக்க வேண்டாம்.

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது கொஞ்சமே. உங்கள் சபையில், உங்கள் தெருவில் இப்படிப்பட்ட ஒரு தம்பி இருந்தால், "இன்னும் அந்த மருந்தை நிறுத்தவில்லையா?" என்று கேளாதிருங்கள். "இன்றைக்கு மருந்து எடுத்தாயா தம்பி?" என்று கேளுங்கள். அன்றாடம் மையத்துக்குப் போய்வரப் பஸ் காசும், அரைநாள் கூலியும் அவனுக்குச் செலவாகின்றன. முடிந்தவர் அதில் பங்கெடுங்கள். எங்கே போவதென்று தெரியாத வீட்டாருக்கு 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். தீக்காய வார்டில் கட்டுப் பிரிக்கப்படுகிறவர்களையும், மையத்தின் வாசலில் வரிசையில் நிற்கிறவர்களையும், இரவெல்லாம் விழித்திருந்து அவர்களைக் காக்கிற தாய்மார்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.