கைக்கு வரும் கட்டளை



சுண்டு விரலைச் சற்று ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? "ஆடு" என்று சொன்னது மூளை. மூளை மண்டைக்குள் இருக்கிறது. விரலோ மூன்றடி தள்ளி இருக்கிறது. அந்தச் சேதியைக் கொண்டுபோனது நரம்பு.

நரம்பு என்றதும் பலர் புறங்கையில் பச்சையாக ஓடுவதைக் காட்டுவார்கள். அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். நரம்பு வெள்ளை நூல்கட்டு போல இருக்கும். முழங்கையின் உட்புறம் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்டு அடித்தது போல 'சுரீர்' என்கிறது அல்லவா? அங்கே இடிபடுவதுதான் நரம்பு.

நரம்புக்குள் இரண்டு வகை இழைகள் உண்டு. சூடு, வலி, தொடுதல் ஆகியவற்றை மூளைக்குச் சொல்பவை உணர்ச்சி இழைகள். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவருபவை இயக்கு இழைகள். தசைக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் கட்டளை வராவிட்டால் அது சும்மா கிடக்கும். நாளடைவில் சூம்பிவிடும்.

இந்தக் கட்டளை எவ்வளவு வேகமாகப் போகிறது? அதை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அளந்து காட்டினார். தவளையின் கால் தசையை நரம்போடு எடுத்தார். தசைக்கு அருகே நரம்பில் மின்சாரம் தொட்டார். தசை துடித்தது. பிறகு சற்றுத் தள்ளித் தொட்டார். தசை கொஞ்சம் தாமதமாகத் துடித்தது. தூரம் தெரியும், தாமதம் தெரியும். மீதி வெறும் வகுத்தல் கணக்கு. நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று வந்தது.

இன்றும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இதே கணக்குதான். கையில் ஒயர்களை ஒட்டி, முழங்கையில் ஒரு முறையும் மணிக்கட்டில் ஒரு முறையும் லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். சுரீர் என்று இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. இரண்டு இடத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் நொடியில் 200-ல் ஒரு பங்கு. அப்படியானால் வேகம் நொடிக்கு 50 மீட்டர். அது நல்ல நரம்பு. வேகம் மிகவும் குறைந்தால் நரம்புக்குக் கேடு.

நரம்பை மெல்லக் கெடுக்கும் நோய்களில் ஒன்று தொழுநோய். 2023-ல் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் கிருமிக்கு உடலில் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளில் புகுந்துகொள்ளும். முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்புறம், முகம் ஆகிய இடங்களில் நரம்பு வீங்கும். சிலருக்கு வலிக்கும். பலருக்கு வலியே இராது. அதுதான் ஆபத்து.

முழங்கை நரம்பு கெட்டால் என்ன ஆகும்? விரல்களை நெருக்கி வைக்க முடியாது. கையில் தண்ணீர் ஏந்தினால் இடுக்கில் ஒழுகும். சோறு பிசைந்தால் பருக்கை வழியும். சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கி போல மடங்கத் தொடங்கும்.

"தொழுநோயில் சதை அழுகி விரல் உதிரும்" என்று ஜனங்கள் சொல்வார்கள். அது தவறு என்று காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தார். மடங்கிப்போன கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்தார். எந்தத் தசைக்குக் கட்டளை வரவில்லையோ அது மட்டுமே செயலிழந்திருந்தது. பக்கத்துத் தசை நல்ல பலத்தோடு இருந்தது. விரல் குட்டையாவதற்குக் காரணம், உணர்ச்சி இல்லாத கையில் தீயும் காயமும் பட்டுப் புண்ணாகி, எலும்பு அரிப்பதுதான்.

இப்போது சுகாதார ஊழியர் செய்யும் சோதனையைப் பார்ப்போம். மிஷின் வேண்டாம், அவருடைய ஒரு விரல் போதும். கண்ணை இறுக மூடச் சொல்வார், இமையில் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார். உள்ளங்கையை மேலே காட்டிச் சுண்டு விரலை வெளியே விரிக்கச் சொல்லி, அதை உள்ளே தள்ளுவார். கட்டை விரலைக் கூரையைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, கீழே அழுத்துவார். குதிகால் தரையில் இருக்கப் பாதத்தைத் தூக்கச் சொல்லி, மேலிருந்து அமுக்குவார். எதிர்த்து நிற்கிறதா, சாய்கிறதா, அசையவே இல்லையா என்று அட்டையில் எழுதுவார். பேனா முனையால் தொட்டு உணர்ச்சியும் பார்ப்பார்.

ஒரு தடவை பார்த்தது போதாது. போன மாதம் நின்ற விரல் இந்த மாதம் சாய்ந்தால் நரம்பு கெட்டுவருகிறது என்று அர்த்தம். தொழுநோய்க்கான கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் நரம்பு வீக்கத்துக்கு வேறு மாத்திரை வேண்டும். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கடையில் கேட்டு வாங்கக் கூடாது. பலம் குறைந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் பலம் திரும்ப வாய்ப்பு அதிகம்.

நாள் கடந்துவிட்டாலும் அறுவைச் சிகிச்சை உண்டு. நல்ல தசையின் தசைநார் ஒன்றை மாற்றி, மடங்கிய விரல்களோடு தைப்பார்கள். வேறு வேலைக்கு இருந்த தசை அது. விரலை நீட்ட அதற்குப் புதிதாகப் பழக்க வேண்டும். கட்டு அவிழ்த்த பிறகு பல வாரங்கள் பயிற்சி கொடுப்பார்கள்.