ஓட்டுப் போட்டவன் நாடற்றவன் ஆன கதை
(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று என்னைக் கூட்டணி அரசியலைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கூட்டணிகளைப் பற்றிப் பேசினால் நீங்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துகொண்டு, நான் சொல்வதைக் கேட்காமல் நான் யாருக்காகப் பேசுகிறேன் என்று கணக்குப் பார்ப்பீர்கள். ஆகவே கடலுக்கு அப்பால் நடந்த ஒரு தேர்தலை எடுத்துக்கொள்ளுகிறேன். அது நமக்குச் சம்பந்தமில்லாததல்ல. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களைப்போலவே ஒரு காலத்தில் மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்களின் கதைதான் இது. அவர்கள் போனது இன்னும் கொஞ்சம் தூரம், கண்டி மலைக்கு.

1931-லேயே இலங்கையில் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும், நிலையாகக் குடியிருப்பவன்தானா என்று சில தடைகள் போட்டார்கள். அந்தத் தடைகளைத் தாண்டியும் அநேகருக்கு ஓட்டு இருந்தது. நம் சென்னை மாகாணத்திலோ 1946 தேர்தலில்கூட வரி கட்டினவனுக்கும், சொத்துள்ளவனுக்கும், கொஞ்சம் படித்தவனுக்குந்தான் ஓட்டு. இங்கே ஓட்டில்லாத ஏழைப் பெண்பிள்ளை கடல் தாண்டிக் கொழுந்து பறிக்கப் போனால் அங்கே ஓட்டுள்ளவளாக ஆகலாம். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தில் அடிமை வேலைதான். என்றாலும் அந்த ஒரு மரியாதை அங்கே இருந்தது.

யுத்தம் முடிந்தபின், 1947 ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 20 வரை, இலங்கையின் முதல் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்தானம் 95; நியமனம் 6; ஆக 101. டி. எஸ். சேனநாயகாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42. பாதிகூட இல்லை. இடதுசாரிகள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றும் 18 பேர் வந்தார்கள். யாழ்ப்பாணத்து ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசுக்கு 7. சுயேச்சைகள் இருபதுக்கு மேல். தோட்டப் பகுதியிலோ இலங்கை இந்தியக் காங்கிரசார் ஜெயித்தார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, இன்னும் சிலர். தங்கள் ஆள் நிற்காத தொகுதிகளில் தோட்டத் தொழிலாளிகள் சிங்கள இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். தமிழன் என்றும் சிங்களவன் என்றும் பாராமல், கூலிக்காரன் பக்கம் பேசுகிறவன் யார் என்று பார்த்துப் போட்ட ஓட்டு அது! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று யாரைச் சொல்லுகிறார்களோ அவர்களுக்கு இருந்த அந்தப் புத்தி, படித்த கூட்டத்துக்கு இருந்ததா என்பதைப் பின்னால் பாருங்கள்.

சேனநாயகாவுக்கு எதிராக ஒரு மந்திரிசபை அமைக்க முடியுமா என்று கொழும்பில் 'யமுனா' என்ற வீட்டில் கூடிப் பேசினார்கள். இடதுசாரிகளும் சுயேச்சைகளும் சிறுபான்மையோரும் சேர்ந்தால் எண்ணிக்கை வரும்போல் இருந்தது. ஆனால் ஸ்டாலின் பெரியவரா, டிராட்ஸ்கி பெரியவரா என்று சண்டை பிடித்துப் பிரிந்திருந்த தோழர்கள் ஒன்றாக உட்கார முடியவில்லை. மாஸ்கோவில் நடந்த சண்டைக்குக் கொழும்பில் மந்திரிசபை போயிற்று. நம்மிடையிலும் இந்த வியாதி உண்டு. அதை இப்போது சொல்லப் புகுந்தால் இரவு போதாது.

சேனநாயகாவோ காரியக்காரர். சுயேச்சைகளை ஒவ்வொருவராகச் சேர்த்தார். ஆறு நியமன ஸ்தானம் கைவசம் இருந்தது. வவுனியாவில் ஜெயித்த சுந்தரலிங்கம், மன்னாரில் ஜெயித்த சிற்றம்பலம் ஆகிய இரண்டு தமிழர்களுக்கு மந்திரி வேலை கொடுத்தார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, 'ஆகா! எல்லா ஜாதியாரும் சேர்ந்த சர்க்கார்' என்று தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்பதற்குத்தானே அந்த இரண்டு நாற்காலி!

1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே, யார் இந்நாட்டுப் பிரஜை என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1948-ஆம் ஆண்டு 18-ஆம் எண் சட்டம். அதன்படி ஒருவன் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அவன் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும். அதற்கு அத்தாட்சி காட்டவேண்டும்.

தோழர்களே! இந்தக் கூட்டத்தில் ஆயிரம் பேர் இருப்பீர்கள். உங்கள் தகப்பனார் பிறந்ததற்கு சர்க்கார் முத்திரை வைத்த காகிதம் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (சிலர் மட்டும் கை தூக்கினார்கள்.) பாட்டனாருக்கு? (ஒருவரும் இல்லை.) ஜாதகம் இருக்கிறது, இல்லையா? பிள்ளை பிறந்த நாழிகையைச் சோசியனிடம் போய்க் காசு கொடுத்து எழுதி வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். செவ்வாய் எங்கே, சனி எங்கே என்று அதில் இருக்கும். பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை என்று இருக்காது. கிராமக் கணக்கில் பதிந்து வாங்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்கு உள்ள சக்தி அந்த ஒன்பது கிரகத்துக்கும் கிடையாது.

சொந்த ஊரிலேயே இருக்கும் உங்களிடமே காகிதம் இல்லாதபோது, லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவனின் பிறப்பை யார் பதிந்து வைத்திருப்பார்கள்? 1946 குடிக்கணக்கின்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7,80,000 பேர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடத்து இலங்கைத் தமிழர் சுமார் 7,33,000 பேர். அதாவது தோட்டத்துத் தமிழர்தான் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக ஆனார்கள்.

சட்டத்தை எதிர்த்தவர்கள் யார்? சிங்கள இடதுசாரிகளான என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்தார்கள். பொன்னம்பலமும் ஆகஸ்டில் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். அடுத்த மாதம் செப்டம்பரில் அவரே அதே சேனநாயகாவின் மந்திரிசபையில் கைத்தொழில் மந்திரி! 'சிறுபான்மையோருக்குச் சரிபாதி' என்று மேடைமேடையாக முழங்கினவருக்கு ஒரு மாதத்தில் ஒரு இலாகா போதுமானதாகிவிட்டது. டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியக் குடிகளைப் பற்றிய அடுத்த மசோதா வந்தபோது அவர் சர்க்கார் பக்கம். அந்த மசோதா பொறுக்காமல் மந்திரி வேலையை விட்டவர் சுந்தரலிங்கம். தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். 'இன்று அவர்களுக்கு வந்தது நாளை நமக்கு வரும்' என்பது அவர் வாதம். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்தாருக்கு அது புரிந்தது.

ஏன் முன்னமே புரியவில்லை? இதைச் சொன்னால் சில தமிழ்ப்பற்றுக்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். மொழி ஒன்றுதான், ஆனால் ஜாதி ஒன்றல்ல. தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி இங்கே பள்ளன், பறையன், சக்கிலி என்று ஒதுக்கப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்து வேளாளப் பெரியமனிதருக்கு அவர்கள் 'தோட்டக்காட்டான்'. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்காதவனுக்காக எவன் மந்திரி வேலையை விடுவான்? கூட்டணி சேர்கிறபோது இரண்டு தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். அந்தக் கையின் கீழே நசுங்குகிறவன் எப்போதும் கடைசி ஜாதிக்காரனாகவே இருப்பது தற்செயலா, அல்லது தலையெழுத்தா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1949-ல் இன்னொரு சட்டம் போட்டு, பிரஜையல்லாதவன் பெயரை ஓட்டர் ஜாபிதாவிலிருந்து எடுத்தார்கள். பிரஜா உரிமை கேட்டு எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போடப்பட்டது. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 54 ஸ்தானம். தோட்டத் தமிழருக்கு ஒன்றுமில்லை. செல்வநாயகமே அந்தத் தேர்தலில் தோற்றார். பொன்னம்பலம் மந்திரியாகத் தொடர்ந்தார். 1953-ல் புதிய பிரதமர் கொத்தலாவலை அவரை வெளியே அனுப்பினார். வேலை முடிந்தபின் ஏணியை வாசலிலா வைத்திருப்பார்கள்? தோட்டத் தமிழரின் ஆளாகத் தொண்டமான் மறுபடியும் ஓட்டினால் பார்லிமெண்டுக்குள் போனது 1977-ல். முப்பது வருஷம்!

இப்போது ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இடதுசாரிகள் யோக்கியர்கள் என்கிறீரே, 1964-ல் அவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. 1964 ஜூனில் என். எம். பெரேரா, சிறிமாவோ பண்டாரநாயகாவின் கூட்டு மந்திரிசபையில் நிதி மந்திரியாகச் சேர்ந்தார். அக்டோபர் 30-ல் அந்தச் சர்க்காரும் நம் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948-ல் எதிர்க்கட்சியில் இருந்து வீரமாக எதிர்த்தவர், 1964-ல் மந்திரியாக உட்கார்ந்திருந்தார். ஆகவே இது தமிழன், சிங்களவன் என்ற குணமல்ல, நாற்காலியின் குணம்.

இன்னொரு சீட்டு: "அப்படியானால் கூட்டணியே கூடாதா?" கூடாதென்று நான் சொல்லவில்லை. 42 பேர் உள்ளவன் தனியாக ஆளமுடியாதபோது கூட்டு வந்தே தீரும். யாருடைய ஓட்டால் ஜெயித்தோமோ அவர்கள் விஷயத்தில் என்ன செய்வோம் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுதி, எல்லோர் முன்பும் படித்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பொன்னம்பலம் அப்படி எதையும் தோட்டத்தாருக்குப் படித்துக் காட்டவில்லை.

கடைசியாக ஒரு பெரியவர், "அந்தச் சனங்க இப்ப எப்படிப்பா இருக்காங்க?" என்று இங்கிருந்தே கேட்கிறார். ஐயா, அங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல் சட்டம் போட்டுப் பிரஜா உரிமை கொடுத்தார்கள். 1948-லிருந்து கணக்கிட்டால் 55 வருஷம். ஒப்பந்தப்படி இங்கே வந்தவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் மற்ற இடங்களிலும் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடிவந்து முகாமில் இருப்பவர்களிலும் மலைநாட்டுக்காரர் உண்டு. பாட்டன் பிறந்த நாட்டிலேயே அகதி என்று பெயர். 2019-ல் டெல்லியில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூன்று நாட்டிலிருந்து இன்ன இன்ன மதத்தார் வந்தால் உரிமை என்றார்கள். அந்த மூன்று நாட்டில் இலங்கை இல்லை. இவர்களில் பலர் அந்தச் சட்டம் சொல்லுகிற இந்துக்கள்தான், ஐயா.