பிக்கப் வண்டியின் மூச்சுக்குழாய்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரை)



"அமெரிக்க அனுபவம் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர். ஆபீஸ் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். அதனால் ஒரு குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் இருப்பது அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரம். என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. 2.3 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சாமான் ஏற்றிக்கொண்டு பிளாக்ஸ்டாஃப் மலை ஊருக்குப் போனால் மூச்சு வாங்கும். வாங்காமல் என்ன செய்யும்? பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், பிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. மேலே போவதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள். "ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் போடு, கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரை மாட்டு." மாட்டினால் எஞ்சின் நல்லா உறுமும். உறுமினால் சக்தி கூடிவிட்டது என்று மனசு நம்பிவிடும். ஆனால் காது ஒரு அளவுகோல் இல்லையே!

எனக்கு நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் ஞாபகம் வந்தது. ஒரு பலகை, இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் கலர் தண்ணீர், ஒரு ஸ்கேல். யூ-டியூப் மானோமீட்டர் தயார். ஒரு முனையைக் காற்றுப் பாதையில் சொருகினேன், மறுமுனை திறந்தபடி. நான் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்ட, பக்கத்து சீட்டில் மனைவி அளவைப் படித்துச் சொன்னாள். "இதுக்கா உங்களை இன்ஜினியரிங் படிக்க வச்சாங்க?" என்று நடுவில் ஒரு கேள்வி வேறு!

5,000 சுற்றில் மொத்த அழுத்த இழப்பு 25 செ.மீ. தண்ணீர். இடம் இடமாக டியூபை மாற்றிப் பார்த்தேன். காற்று நுழையும் மூக்கில் 12, மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயில் 7. எல்லாரும் குற்றம் சாட்டும் ஃபில்டரில் வெறும் 6 தான்! வாயு மண்டல அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. தண்ணீர். அப்படியானால் ஃபில்டரையே தூக்கி எறிந்தாலும் லாபம் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அடுத்து தெர்மாமீட்டர். வெளியே 40 டிகிரி இருந்த ஒரு நாள், டிராஃபிக்கில் பானட்டுக்குள் 75 டிகிரி காட்டியது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பானட்டுக்குள் திறந்த ஃபில்டர் வைத்தால் அரை சதவீதம் சம்பாதித்து, அந்த மாதிரி நேரத்தில் 10 சதவீதம் வரைக்கும் இழக்கிறோம். இது என்ன வியாபாரம்?

ஆகவே பெட்டியையும் பேப்பர் ஃபில்டரையும் அப்படியே விட்டேன். 45 மி.மீ. மூக்கை எடுத்துவிட்டு 75 மி.மீ. அலுமினியக் குழாய் போட்டேன். வாயைப் புனல் போல விரித்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வெளிக்காற்று படும் இடத்தில் வைத்தேன். ஒரே அளவு காற்றுக்கு இழப்பு விட்டத்தின் நாலாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம் அல்லவா? அந்த 12 செ.மீ. இரண்டுக்கும் கீழே வந்தது. மடிப்புக் குழாய்க்குப் பதில் வழவழப்பான குழாய், ரப்பர் இணைப்பு, கிளாம்ப். மொத்த இழப்பு 11 செ.மீ. ஆனது. உள்ளே போகும் காற்று முன்னைவிட 8 டிகிரி குளிர்ச்சி. கணக்குப்படி சுமார் 4 சதவீத லாபம். மூன்றாவது கியரில் 40-லிருந்து 60 மைல் வேகம் தொட முன்பு 11.2 விநாடி, இப்போது 10.8. கணக்கும் சாலையும் ஒத்துப்போன அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது சம்பள உயர்விலும் வந்ததில்லை.

செய்ய நினைக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை. காற்றை அளக்கும் சென்சார் இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றக் கூடாது. 70-ஐ 76 ஆக்கினால் பரப்பு 18 சதவீதம் கூடும். சென்சார் காற்றைக் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் பற்றாமல் போகும். குழாயின் வாய் தாழ்வாக இருக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்புறத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, 500 மைல் கழித்துப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தால் எங்கோ கசிவு. அரிசோனாப் புழுதிக்கு அந்தக் கசிவு போதும், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும். சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவில் அனுமதி எண் இல்லாத பாகம் புகைச் சோதனையில் தேறாது.

மைலேஜ் கூடுமா என்று கேட்பீர்கள். கூடாது. நிதானமாக ஓட்டும்போது த்ராட்டிலே காற்றைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அடைபட்ட ஃபில்டர்கூட நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜைக் குறைப்பதில்லை, வேகம் எடுப்பதைத்தான் பாதிக்கிறது என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொல்லியிருக்கிறது.

ஆபீசில் நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்க்கிறேன். திரை சொல்வது சரியா என்று கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? "கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டு வந்து படிடா" என்று லேபில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த கைகளிலிருந்து வந்தது. இன்றைய மாணவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி லேபுக்குக் கொடுக்க எங்கள் வகுப்பு முன்வருகிறது. கழற்றட்டும், அளக்கட்டும், கையில் கரி படட்டும். மற்ற வகுப்பினரும் கை கொடுக்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.