முடிவுறாத முள்ளியான் வாய்க்கால்



யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லுள் தங்கும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இதனையுணர்ந்தே பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் திட்டம் வகுத்தார்: கனகராயன் ஆறு சேரும் ஆனையிறவு நீரேரியை நன்னீராக்குக, முள்ளியான் வாய்க்கால்வழி அதனை வடமராட்சி நீரேரிக்குக் கொணர்க, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்க. அணைகள் எழுந்தன. வாய்க்காலோ 1960களில் அரைகுறையாய் நின்றது, அணைக்கதவுகள் உக்கின.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது தாகம் தீர்க்கும். தோட்டத்திற்கு நீர் தருவது யார்? கடன் வழக்குக் காலாவதியாகலாம். மண் தொடுத்த நீர்வழக்குக் காலாவதியாவதில்லை. வாய்க்காலை முடித்துத் தருக என ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றுக!